பிடிமண்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். ஹாலிஎலப் பக்கத்து ஆக்கள் கட்டாயம் வாசிக்க வேணும். இதில் வரும் குதிரையை உங்களில் பல பேர் பார்த்திருக்கிறீர்கள்.

போன கிழமை இரவு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியது என்னிடம் படித்த ஒரு பிள்ளை. இப்போது இத்தாலியில், ரோமில், வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மாவின் மகள் ஞாயிற்றுக்கிழமை இவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். போன இடம் தார்குவீனியா. ரோமிலிருந்து வடமேற்கே தொண்ணூறு கிலோமீற்றர் அளவில் இருக்கும் ஊர். வெயில் கூடிப்போக, நிழலுக்காக ஊருக்குள்ளே இருக்கும் மியூசியத்துக்குள் போயிருக்கிறார்கள். அங்கே எடுத்த படம்.

இரண்டு குதிரைகள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் இறக்கை. கழுத்தை வளைத்து, காலைத் தூக்கி, இப்போதே கிளம்பப் போகிற மாதிரி ஒரு நிலை. கல் இல்லை, வெண்கலம் இல்லை. சுட்ட மண்.

படத்தின் கீழே அவள் எழுதியிருந்தது: “சேர், நம்ம முனியாண்டி கோயில் குதிர மாதிரியே இருக்கு பாருங்க. ஆனா நம்ம குதிரைக்கி ரெக்க இல்ல.”

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் தோட்டத்துக் குதிரை. ஸ்டோர் பாதையில் ஏறி, மூன்றாவது லயத்தைத் தாண்டினால் ஓடைக்கரையில் முனியாண்டி கோயில். கோயில் என்றால் ஒரு மரம், இரண்டு கல், நாலைந்து சூலம், தகரக் கூரை. அதற்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் மண் குதிரை ஒன்று. ஒரு காது இல்லை. முன்னங்காலில் வெடிப்பு, அதில் யாரோ சீமெந்து பூசியிருக்கிறார்கள். வருசா வருசம் அடித்த வெள்ளைப் பெயின்ட் உரிந்து உள்ளே செம்மண் நிறம் தெரியும். உண்மையைச் சொன்னால், பார்க்க அவ்வளவு வடிவான குதிரை இல்லை. சில கோணத்தில் கழுதை மாதிரியும் இருக்கும்.

அதைச் செய்தது இந்தப் பிள்ளையின் பூட்டன். அவளுடைய அப்பாயியின் மாமனார். அவர் தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். சாதியில் வேளார். புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பம்.

இந்த வேளார் என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேணும், ஏனென்றால் எனக்கே அது முன்பு தெரியாது. தமிழ்நாட்டில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மண்பாண்டம் செய்பவர்கள் அவர்கள். சட்டி பானை மட்டுமில்லை. ஊர் எல்லையில் இருக்கிற அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்வதும் அவர்களே. பல கோயில்களில் பூசாரியும் அவர்களே. புதுக்கோட்டைக்குக் கிட்டே நமணசமுத்திரம் என்ற ஊர் அய்யனார் கோயிலில் பாதையின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும் படத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம். சில ஊர்களில் ஒரு குதிரை 15 அடிக்கு மேலே போகும். குளத்துக் களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் கலந்து, முதலில் நாலு காலையும் குழாய் மாதிரி எழுப்பி, காய விட்டு, அதற்கு மேலே வயிறு, பிறகு கழுத்து, தலை. உள்ளே எல்லாம் வெறுமை. வெறுமையாக இருக்கத்தான் வேணும். தடித்த மண்ணுக்குள் ஈரம் நின்றால் நெருப்பில் அது ஆவியாகி வெடிக்கும்.

அந்தத் திருவிழாவுக்குப் பெயர் புரவியெடுப்பு. செய்து முடித்த குதிரைகளை வேளார் தெருவிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு ஊரே கோயிலுக்குப் போகும். கண் திறந்து, மாலை போட்டு, கழுத்தில் துணி கட்டிக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுவார்கள். கூரை இல்லை. பூட்டு இல்லை. பழையது உடைந்து அந்த இடத்திலேயே மண்ணாகும். அடுத்த முறை புதியது வரும். அப்படியே வைத்துப் பாதுகாப்பது அவர்களுடைய எண்ணமே இல்லை. திரும்பத் திரும்பச் செய்வதுதான் நேர்த்தி.

இத்தாலிக் குதிரைகள் எப்படி என்று தேடி வாசித்தேன். அவற்றைச் செய்தவர்கள் எத்ருஸ்கர். ரோமர்கள் பெரிய ஆட்களாவதற்கு முன்பே அந்தப் பகுதியில் நகரங்கள் கட்டி வாழ்ந்த சனம். இந்தக் குதிரைகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. ‘அரசியின் பலிபீடம்’ என்று இப்போது அழைக்கப்படும் ஒரு பெரிய கோயிலின் கூரை முகப்பில் இருந்தவை. அவர்களுடைய கோயிலில் அத்திவாரம்தான் கல். மேலே மரமும் மண் சுவரும். அந்த மரத்தை மழையிலிருந்து காக்கச் சுட்ட மண் பலகைகளை ஆணியடித்துப் பொருத்துவார்கள். அந்தப் பலகையில்தான் அலங்காரம், குதிரை, தெய்வம் எல்லாம். அதாவது அந்த அழகான குதிரைகள் ஒரு வகையில் கூரை ஓட்டுச் சாமான்! 1938இல் கோயிலின் அடிவாரத்தில் துண்டு துண்டாகக் கிடந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இவை இழுத்த தேர் இன்னொரு பலகையில் இருந்திருக்க வேணும். அது கிடைக்கவில்லை. இப்போது குதிரைகள் எதையும் இழுக்காமல் நிற்கின்றன.

அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது? ரோம் ஒவ்வொரு நகரமாகப் பிடித்தது. அந்தச் சனத்தை முழுவதாக ஒரேயடியாக அழிக்கவில்லை. பிள்ளைகள் லத்தீன் பேசினார்கள், பேரப்பிள்ளைகள் தங்களை ரோமர் என்று சொன்னார்கள். மொழி போய்விட்டது. எழுத்தை இன்றைக்கும் வாசிக்கலாம். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் பெயர்களையும் கொஞ்சச் சொற்களையும் தவிர மிச்சத்துக்குப் பொருள் சரியாக விளங்காது. குளோடியஸ் என்ற ரோமச் சக்கரவர்த்தி அவர்களுடைய சரித்திரத்தை 20 புத்தகமாக எழுதினாராம். அதுவும் தொலைந்துவிட்டது. மிஞ்சியது பெரும்பாலும் கல்லறைகளும் இந்த மண் சாமான்களும்தான்.

இன்னொரு விசயம் என்னைத் தூக்கிப் போட்டது. எத்ருஸ்கர் கோயில்களிலும் அதைச் சுற்றியுள்ள பழைய இத்தாலியக் கோயில்களிலும் சுட்ட மண்ணில் செய்த கால், கை, கண், குழந்தை என்று ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். காலில் நோய் என்றால் காலைச் செய்து கோயிலில் வைப்பது. அய்யனார் கோயிலிலும் மாரியம்மன் கோயிலிலும் இதே நேர்த்திக்கடன் இன்றைக்கும் நடக்கிறது. அவர்களைப் பார்த்து இவர்கள் செய்தார்கள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். முகநூலில் அதற்கு ஆள் குறைவில்லை. நோவு எல்லா ஊரிலும் நோவு, மண் எல்லா ஊரிலும் மண். அவ்வளவுதான்.

சரி, இனி என் கதை.

2014இல் நான் இந்தப் பாடசாலைக்கு வந்தேன். ஆசிரியர் கலாசாலை முடித்து, கையில் புதுப் பாடக்குறிப்புக் கொப்பியோடு, 26 வயது. மூன்றாம் தவணையில் கண்காட்சி. தரம் 9 பிள்ளைகளிடம் ‘எமது பாரம்பரியம்’ என்ற தலைப்பில் எதையாவது செய்துகொண்டு வரச் சொன்னேன். உலக்கை, முறம், கொழுந்துக் கூடை எல்லாம் வந்தது. ஒரு பிள்ளை மட்டும் பழைய சாரம் ஒன்றில் சுற்றி ஒரு மண் குதிரைத் தலையைக் கொண்டுவந்தாள். தானே செய்தது. இரண்டு கையாலும் பிடித்து என் மேசையில் வைத்தாள்.

நான் சொன்னேன்: “இதெல்லாம் வேணாம் மகள். வெறும் மண்ணுதானே, உடஞ்சிடும். சட்டி, பானை ஏதாவது செஞ்சிக் கொண்டாங்க.”

உடையும் என்பது பொய்க் காரணம். சட்டியும்தான் உடையும். உண்மைக் காரணம் பயம். ஒரு முஸ்லிம் வாத்தியார் சிலை வைத்துக் கண்காட்சி நடத்தினார் என்று நம்முடைய ஆக்கள் சொல்வார்களோ என்று ஒரு பயம். ஏதாவது பிழையாகச் சொல்லி எழுதிவிட்டால் தோட்டத்து ஆக்கள் கோபிப்பார்களோ என்று அடுத்த பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதினாலு வயதுப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் சாரத்தால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் ஒரு சட்டி கொண்டுவந்தாள். அதற்கு இரண்டாம் பரிசு கொடுத்தேன்.

அந்தப் பிள்ளைதான் ரோமிலிருந்து படம் அனுப்பியது.

நான் உருவம் செய்வதில்லை, வணங்குவதில்லை. அது என் மார்க்கம். அதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆனால் பக்கத்து லயத்து மனிசன் எதை, ஏன், எப்படிச் செய்கிறான் என்று தெரிந்துகொள்வதும் அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் வேறு விசயம். அதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. ‘வெறும் மண்’ என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்திருக்கக் கூடாது. மனிதனைப் படைத்தது குயவனின் ஓடு மாதிரித் தட்டினால் ஓசை வரும் களிமண்ணிலிருந்து என்று ஓதிக்கொண்டே வளர்ந்தவன் நான்.

படம் வந்த மறுநாள் பின்னேரம் அவளுடைய அப்பாயியைப் பார்க்கப் போனேன். எழுபத்தைந்து வயது இருக்கும். இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். போனில் படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து நிறைய நேரம் பார்த்தார்.

“இதுக்கு பிடிமண்ணு யாரு குடுத்தாகளாம்?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் சொல்லித் தந்தார். ஊரில் குதிரை செய்வதென்றால் வேளார் தன் பாட்டுக்குச் செய்ய முடியாது. ஊர்ப் பெரியவர் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்கோடு வேளார் கையில் கொடுக்க வேணும். அந்தப் பிடியை முதலில் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்த பிறகுதான் வேலை தொடங்கும். அந்தப் பிடி மண் இல்லாவிட்டால் அது ஊர்க் குதிரை இல்லை. வெறும் பொம்மை.

அவர் கல்யாணம் முடித்து இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில்தான் மாமனார் குதிரை செய்திருக்கிறார். லயத்தில் அடுத்தடுத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து, முனியாண்டிக்குக் குதிரை வைப்பதாக நேர்ந்துகொண்டார்கள். மாமனாருக்குச் சக்கரம் சுற்றத் தெரியாது. சின்ன வயதில் தகப்பனோடு ஊருக்குப் போனபோது பார்த்த ஞாபகம்தான் முதல். களிமண் கீழே கிராமத்தில் ஒரு சிங்களப் பெரியவரின் வயலோரத்திலிருந்து இரண்டு சாக்கு. உமியும் அங்கேயே. இதெல்லாம் கிடைத்துவிட்டது. பிடிமண்ணில்தான் வந்தது சண்டை.

“யாரு மண்ணு குடுக்குறது? கங்காணி குடுக்கலாம்னாக. கங்காணிக்கி ஏதுய்யா மண்ணு? மலை பூரா தொரையோட மண்ணு. கோயில் நிக்கிற எடமும் தொரையோட மண்ணு. தொரைகிட்ட போயி ஒரு பிடி மண்ணு குடுங்கனு கேக்க முடியுமா?”

ஒரு கிழமை இதே பேச்சாம். பெரட்டுக்களத்திலும் பேச்சு, கொழுந்து நிறுக்கிற இடத்திலும் பேச்சு. கடைசியில் ஒரு கிழவி சொன்னாராம், லயத்துக்குப் பின்னால் நாம் மரக்கறி போடுகிற துண்டு இருக்கிறதே, அது துரை கொத்தியதில்லை, நாம் கொத்தியது என்று. மூன்று லயத்திலும் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு பிடி. முருங்கைக்கு அடியிலிருந்து, பீர்க்கங்கொடிக்கு அடியிலிருந்து, கோழிக் கூட்டுக்குப் பக்கத்திலிருந்து. ஒரு பிடிக்குப் பதிலாக ஒரு கூடை சேர்ந்துவிட்டது. அதைப் போட்டுப் பிசைந்ததால்தான் குதிரை சரியாக வேகவில்லை, வெடிப்பு விட்டது என்று மாமனார் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

முதல் குதிரை நெருப்பிலேயே வெடித்தது. இரண்டாவதைக் கவ்வாத்து வெட்டின மிலாறை அடுக்கி, மேலே வரட்டி மூடி, இரண்டு இரவு சுட்டார்கள். அதுதான் இப்போது நிற்கிறது.

கழுத்தில் கட்டிய பட்டுத் துணியைப் பொட்டணி வியாபாரம் செய்த என் மூத்தவாப்பாவிடம் கடனுக்கு வாங்கினார்களாம். “அந்தக் காச இன்னும் குடுக்கல வாத்தியாரே, வட்டியோட கேட்டுப்புடாத” என்று சொல்லிப் பல்லில்லாத வாயால் சிரித்தார். இதை எடுத்து யாரும் இன ஒற்றுமை போஸ்டர் அடிக்க வேண்டாம். சிங்களப் பெரியவர் களிமண்ணுக்குக் காசு வாங்கினார், எங்கள் ஆள் துணிக்கு விலை போட்டுத்தான் கொடுத்தார். வியாபாரம் வியாபாரம்தான்.

ஆனால் அந்தப் பிடிமண் கதை இரவெல்லாம் என்னை விடவில்லை. இந்தச் சனம் 1823இலிருந்து வருவதாகக் கணக்கு. 2023இல் இருநூறு வருசத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பழைய பாதையில் நடந்தும் காட்டினார்கள். 1948இல் குடியுரிமை போனது. அது பெரும்பாலும் தீர 2003 வரை ஆனது. காணி இன்றைக்கும் பேச்சு. 7 பேர்ச் என்றார்கள், 10 பேர்ச் என்கிறார்கள். உறுதி கையில் வந்த வீடுகளைவிட வராத லயங்கள்தான் இந்த மலையில் கூட. இதையெல்லாம் நான் வகுப்பில் திகதியோடு படிப்பிக்கிறவன். ஒரு சாமிக்குக் குதிரை செய்ய ஒரு பிடி சொந்த மண் இல்லாமல் ஒரு கிழமை நின்றார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எங்களுக்கும் பிடிமண் உண்டு. மையவாடியில் கப்று மூடும்போது ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுவோம். வாப்பா மௌத்தானபோது தோட்டத்திலிருந்து நாலைந்து பேர் வந்து மதிலுக்கு வெளியே நின்றார்கள். வாப்பாவின் கடையில் கொப்பிக் கணக்கு வைத்திருந்த ஒரு பெரியவர், “நாங்களும் ஒரு பிடி போடலாமா?” என்று கேட்டார். போட்டார்கள்.

2021 ஜனவரியில் பெரியவாப்பா கொழும்பில் மௌத்தானார். கொவிட் என்று சொன்னார்கள். முந்திய ஏப்ரல் தொடக்கம் அந்தப் பெப்ரவரி வரை அப்படிப்பட்ட ஜனாஸாக்கள் எல்லாம் எரிக்கப்பட்டன. அடக்க அனுமதி வந்து, ஓட்டமாவடியில் இடம் கிடைத்தபோது எங்களுக்குப் பிந்திவிட்டது. மூன்று பிடி மண் போட எங்களுக்கு இடமில்லை. அந்த நாள்களில் இந்த அப்பாயி கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் கொஞ்ச நேரம் நின்று, “மண்ணு குடுக்காம அனுப்பிட்டாகளேய்யா” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அது ஏதோ ஆறுதல் வார்த்தை என்று நினைத்தேன். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று போன கிழமைதான் விளங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேணும். கோயில் கமிட்டி சீமெந்தில் பெரிய குதிரை கட்டப் போகிறது. அதற்கான நன்கொடை நோட்டீசை எழுதிக் கொடுத்தது நான்தான். ‘பழுதடைந்த பழைய மண் குதிரையை அகற்றி’ என்று என் கையாலேயே எழுதினேன். லிவி எழுதிய ரோமச் சரித்திரத்தில் கேட்டோ என்று ஒருவர் வருகிறார். கி.மு. 195இல் அவர் சபையில் எழும்பி, கிரேக்கத்துச் சிலைகளைக் கண்ட பிறகு நம்முடைய ஆக்கள் நம் கோயில் கூரையிலுள்ள மண் தெய்வங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அதை வாசித்தபோது என் நோட்டீஸ்தான் ஞாபகம் வந்தது.

கமிட்டித் தலைவரிடம் பேசினேன். சீமெந்துக் குதிரை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவர்களுடைய கோயில், அவர்களுடைய காசு. சீமெந்து என்றால் தங்கள் பிள்ளைகள் காலத்திலும் நிற்கும் என்று நினைக்கிறார்கள். நிற்கட்டும். ‘அகற்றி’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அப்பாயியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அப்பாயி சொன்ன பதில்: “தூக்கவும் வேணாம், மூடவும் வேணாம். அது பாட்டுக்கு நின்னு கரையட்டும்.” நோட்டீசைத் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

இனி அந்தப் பிள்ளை. 2014இல் நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டு ஒரு நீளமான செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல் பதிவு வந்தது. பின்னால் அந்த இத்தாலிக்கார அம்மா ஏதோ சத்தம் போடுவது கேட்கிறது.

“ஐயோ சேர், அத நான் மறக்கல. ஆனா கோவமும் இல்ல. அன்னைக்கி வீட்டுக்கு வந்து அழுதேன், அப்பாயி அத வாங்கி அடுப்புக்கு மேல பரண்ல வச்சிட்டாங்க. இன்னமும் அங்கதான் இருக்கு. போயி பாருங்க.”

நேற்றுப் போனேன். அப்பாயி ஏற முடியாமல் பேரனை ஏற்றி எடுத்துத் தந்தார். சுடாத மண். பதினொரு வருசப் புகையில் தார் மாதிரிக் கறுத்திருக்கிறது. எடை தெரியாமல் ஒரு கையால் வாங்கப் போய், பிறகு இரண்டு கையாலும் பிடித்தேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே குடைந்து வெறுமையாகவே விட்டிருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. விரல் வைத்து இழுத்த கோடுகள் அப்படியே தெரிகின்றன.

இந்தப் பதிவை முதலில் அவளுக்கு அனுப்பினேன். போடுங்கள், ஆனால் என் பெயர் வேண்டாம் என்றாள். மூன்றாம் தவணைக் கண்காட்சிக்கு அந்தத் தலை வருகிறது. தம்பி தூக்கிக்கொண்டு வருவான். பக்கத்தில் வைக்க அந்த ரெக்கைக் குதிரைப் படத்தைப் பதுளையில் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.